ஆங்கிலத்தில் எதிர்காலம்: ஓர் இலக்கண விதியின் வரலாறு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் தமிழ் மாணவர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் வினைக்குரிய காலத்தைச் சரிவரத் தெரிந்து கையாளுதல் தலையாயதாகும். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்னும் மூன்றனையும் நந்நான்காகப் பகுத்துப் பன்னிரண்டு காலங்களாகக் காட்டும் அட்டவணையொன்றினைப் பாடநூல்கள் அவர்முன் வைக்கின்றன. அவ்வட்டவணை மொழியோடு உடன்பிறந்தது என்றும், அதனை வகுத்தோர் மொழியில் உள்ளதை உள்ளவாறே எடுத்தோதினர் என்றும் மாணவர் கருதுதல் இயல்பே. ஆயின் வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து வேறொரு காட்சி புலனாகின்றது. ஆங்கில வினைச்சொல் தன் வடிவ வேறுபாட்டினால் இரண்டு காலங்களையே உணர்த்தவல்லது. எதிர்காலம் என்பது இலக்கணகாரராற் பிறமொழி இலக்கணத்தினின்றும் கொணரப்பட்டது. அதனை உணர்த்தும் துணைவினைகளுக்கென ஒரு விதி வகுக்கப்பட்டது. அவ்விதி பிறநாட்டாருக்கு வழிகாட்டியாகத் தோன்றி, உள்நாட்டாரின் தராதரத்தை அளக்கும் கோலாக வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டிலே வலுவிழந்தது. 'ஷல்', 'வில்' என்னும் இரு சிறு சொற்களைப் பற்றிய அவ்விதியின் வரலாற்றினை ஆராய்வது, மொழியிற் சரி பிழை என்பன எவ்வாறு உருவாகின்றன என்னும் பெரிய வினாவுக்கு விடை காண உதவும்.

ஆங்கிலம் ஜேர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மொழிகளின் வினைச்சொற்கள் இறந்தகாலம், இறந்தகாலமல்லாதது என்னும் இரு வடிவங்களையே பெற்றிருந்தன. கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதலாகப் பிரித்தானியத் தீவிற் குடியேறிய மக்களின் மொழியான பழைய ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. இன்று நிகழ்வதையும் நாளை நிகழவிருப்பதையும் அம்மொழி ஒரே வடிவத்தினாற் கூறியது. எக்காலத்தைக் குறித்தது என்பதைச் சூழலும் காலங் காட்டும் பிற சொற்களும் தெளிவுபடுத்தின. இதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி எல்ப்ரிக் என்னும் துறவி எழுதிய இலக்கண நூலாகும். இலத்தீன் கற்கும் சிறுவர்களுக்காக அவர்தம் தாய்மொழியிலேயே எழுதப்பட்ட நூல் அது. இலத்தீனில் எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் உண்டு. அதனைப் பெயர்த்துரைக்க வேண்டிய எல்ப்ரிக், தம் மொழியில் அதற்கு ஒத்த வடிவம் இன்மையால், நிகழ்கால வினையை வைத்து 'இன்றைக்கு இனி' அல்லது 'நாளைக்கு' என்னும் பொருள்படும் சொற்களை உடன்சேர்த்தார். அவ்வாறே இலத்தீனின் மூவகை இறந்தகாலங்களை விளக்கும்போதும் ஒரே இறந்தகால வினையைத் தந்து, 'முழுமையாக' என்றும் 'நெடுநாள் முன்பு' என்றும் அடைகொடுத்து வேறுபடுத்தினார். இரு மொழிகளின் இயல்பு வேறுபாட்டை நன்குணர்ந்திருந்த ஆசிரியர் அவர் என்பது இதனாற் பெறப்படும்.

'ஷல்', 'வில்' ஆகிய இரண்டும் அந்நாளில் எதிர்காலம் காட்டும் சொற்களாக இருக்கவில்லை. முன்னையது கடன்பட்டிருத்தல், கடப்பாடு உடைமை என்னும் பொருளுடைய முழுவினை; பின்னையது விரும்புதல், விழைதல் என்னும் பொருளுடைய முழுவினை. ஒருவன் செய்யக் கடமைப்பட்டிருப்பதும் செய்ய விரும்புவதும் இனிமேல் நிகழவேண்டியனவே. ஆதலின் இவ்விரு சொற்களும் காலப்போக்கில் எதிர்வினையைச் சுட்டும் துணைவினைகளாகத் திரிந்தன. எனினும் பழம்பொருள் அவற்றினின்றும் முற்றாக அகலவில்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்கிளிப்பின் வழிவந்தோர் விவிலியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தபோது, இலத்தீன் எதிர்காலத்துக்குப் பெரும்பாலும் 'ஷல்' என்பதையே நேரொத்த சொல்லாகக் கொண்டனர். இவ்வாறு மொழிபெயர்ப்பின் வாயிலாக ஒரு சொல் எழுத்துநடையில் வேரூன்ற, மற்றையது பேச்சுவழக்கிற் பரவி நின்றது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடவேறுபாடு கருதி இன்ன இடத்துக்கு இன்ன சொல் என வரையறுக்கும் விதி எதுவும் அக்காலத்தில் எழுந்திருக்கவில்லை.

ஆங்கிலத்துக்கென முதன்முதல் வெளிவந்த இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் 1586இல் வெளியிட்ட சிறுநூலாகும். அந்நூல் அக்காலப் பாடசாலைகளில் வழங்கிய வில்லியம் லிலியின் இலத்தீன் இலக்கணத்தை அடியொற்றியது. இலத்தீனுக்கு உள்ளவை யாவும் ஆங்கிலத்துக்கும் உண்டு எனக் காட்டுவதே தாய்மொழிக்குப் பெருமை சேர்க்கும் என்பது அந்நாளைய அறிஞரின் எண்ணமாக இருந்தது. இந்நோக்கினை வெளிப்படையாக மறுத்தவர் ஜோன் வொலிஸ் ஆவார். 1649 முதல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கேத்திரகணிதப் பேராசிரியராக விளங்கிய இவர், முடிவிலியைக் குறிக்கும் கணிதக் குறியீட்டை அறிமுகஞ் செய்தவர். 1653இல் ஆங்கில இலக்கணம் ஒன்றனை இலத்தீன் மொழியில் எழுதி வெளியிட்டார். தமக்கு முன்னிருந்தோர் ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்க்க முயன்றமையைக் கண்டித்த அவர், ஆங்கில வினைக்குக் காலம் இரண்டே எனத் துணிந்து கூறினார்.

'ஷல்', 'வில்' பற்றிய விதியும் இந்நூலிலேயே தெளிவான உருப்பெற்றது. தன்மையிடத்தில் 'ஷல்' என்பது நிகழவிருப்பதை வெறுமனே முன்கூறும். 'வில்' என்பது வாக்குறுதியையோ அச்சுறுத்தலையோ உணர்த்தும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது மாறி அமையும். இதன்படி 'ஐ ஷல் கோ' என்பது 'நான் போவேன்' என்னும் முன்னறிவிப்பு மாத்திரமே. 'ஐ வில் கோ' என்பது 'போயே தீருவேன்' என்னும் உறுதி. 'யூ வில் கோ' என்பது முன்னறிவிப்பு. 'யூ ஷல் கோ' என்பதோ 'நீ போயே ஆகவேண்டும்' என்னும் பணிப்பு.

இவ்விதியைப் பற்றி இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, வொலிஸ் தமது நூலை ஆங்கிலேயருக்காக எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சமய நூல்களையும் பிற நூல்களையும் படிக்க விழைந்த ஐரோப்பிய அறிஞர்களை முன்னிறுத்தியே இலத்தீனில் எழுதினார். ஆதலின் அவ்விதி அயலூருக்கு வந்த வழிப்போக்கனுக்குத் தெருச்சந்தியில் நின்று வழிகாட்டுவது போன்ற உதவியேயன்றி, ஊராருக்கு இடப்பட்ட கட்டளையன்று. இரண்டாவது, எதிர்காலம் என்றொரு காலம் ஆங்கில வினைக்கு உண்டு என நிறுவ அவர் அதனைக் கூறவில்லை. இரு துணைவினைகளின் பொருள் நுட்பத்தை விளக்குவதே அவர் கருத்து. பின்வந்தோர் விதியைப் பேணி, அது எழுந்த நோக்கத்தைக் கைவிட்டனர்.

18ஆம் நூற்றாண்டு அவ்விதியின் வாழ்விலே திருப்புமுனையாக அமைந்தது. வணிகத்தினாற் செல்வமுற்ற நடுத்தர வகுப்பினர் உயர்ந்தோர் குழாத்துட் புக முயன்ற காலம் அது. 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒரே இராச்சியமாக இணைக்கப்பட்டதன் பின்னர், ஸ்கொத்லாந்தின் கற்றோர் பலர் பதவியையும் புகழையும் நாடி இலண்டனை நோக்கினர். தென்னிங்கிலாந்தின் கற்றோர் வழக்கினின்றும் தம் பேச்சு வேறுபடும் இடங்கள் அவர்களுக்குக் கூச்சம் விளைவித்தன. மெய்யியலறிஞரான டேவிட் ஹியூம் 1752இல் ஆங்கில எழுத்தினின்றும் நீக்கவேண்டிய ஸ்கொத்லாந்து வழக்குகளின் பட்டியல் ஒன்றனைத் தமது நூலோடு சேர்த்து வெளியிட்டார். அதில் 'வில்', 'ஷல்' பற்றிய விளக்கமும் இடம்பெற்றது. ஐரோப்பாவின் பெருஞ் சிந்தனையாளருள் ஒருவரே தம் தாய்வழக்கைக் குற்றமெனக் கண்டு களைய முற்பட்டார் எனின், ஏனையோர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியும் 'ஷல்' என்பதனை விளக்கப் புகுமிடத்து, பிறநாட்டாரும் நாட்டுப்புறத்தாரும் அதனை 'வில்' என்பதனோடு மயங்குவர் எனக் குறிப்பிட்டது. மயங்குவோரின் பட்டியலிற் பிறநாட்டாருடன் நாட்டுப்புறத்து ஆங்கிலேயரும் சேர்க்கப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

1762இல் றொபேட் லோத் வெளியிட்ட இலக்கண நூல் இவ்விதியை ஆங்கிலேயருக்கே உரிய விதியாக எடுத்தோதியது. பின்னர் இலண்டன் ஆயராக விளங்கிய லோத், பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாடு பேணப்படவில்லை என்பதையும் அறிந்திருந்தார். அதனை ஓர் அடிக்குறிப்பிற் கூறியமைந்தார். இதற்கு ஓராண்டு முன்னர், பிற்காலத்தில் ஒட்சிசன் ஆராய்ச்சியாற் பெயர்பெற்ற ஜோசப் பிறீஸ்ற்லி தமது இலக்கணத்தை வெளியிட்டிருந்தார். எதிர்காலத்தைக் காட்டும் வினைத்திரிபு எதுவும் ஆங்கிலத்தில் இல்லாதபோது அப்படியொரு காலத்தை இலக்கணத்திற் கூறுதல் பொருந்தாது என்பதும், வழக்கே மொழிக்கு அளவுகோல் என்பதும் அவர் கொள்கைகளாகும். இவ்விருவருள் காலம் லோத்தின் பக்கமே நின்றது. பாடசாலைகளுக்கும் அவற்றின் பரீட்சைகளுக்கும் வழக்கைப் பற்றிய ஆராய்ச்சியைவிடத் திட்டவட்டமான விதியே வாய்ப்பாக இருந்தது. அமெரிக்காவிற் பிறந்து, வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, யோர்க் நகரை அடுத்துக் குடியேறிய லின்ட்லி மறே, அங்கிருந்த பெண்கள் பாடசாலை ஒன்றின் தேவைக்காக 1795இல் ஓர் இலக்கண நூலை ஆக்கினார். இலத்தீன் முறையைத் தழுவி ஆறு காலங்களை அந்நூல் வகுத்தது. அவற்றுள் இரண்டு எதிர்காலங்கள். 'ஷல்', 'வில்' விதியும் அதில் இடம்பெற்றது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணற்ற பதிப்புகளைக் கண்ட அந்நூலின் வழியாகவே அவ்விதி வகுப்பறைக்கு உரிய உடைமையாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் இவ்விதியையொட்டி ஒரு நகைச்சுவைக் கதை பாடநூல்களிலும் ஏடுகளிலும் உலவலாயிற்று. ஆற்றில் விழுந்த ஒருவன் 'ஐ வில் ட்றவுண். நோபடி ஷல் சேவ் மீ' எனக் கதறினான். விதிப்படி இதன் பொருள், 'நான் மூழ்கியே தீருவேன். என்னை எவரும் காப்பாற்றலாகாது' என்பதாகும். கரையில் நின்றோர் அவன் விருப்பத்துக்கு மதிப்பளித்து வாளாவிருந்தனர் என்பது கதை. மூழ்கியவன் சில நூல்களில் ஐரிஷ்காரன். வேறு சிலவற்றில் ஸ்கொத்லாந்துக்காரன். இன்னுஞ் சிலவற்றிற் பிரெஞ்சுக்காரன். தென்னிங்கிலாந்தின் கற்ற ஆங்கிலேயன் எந்தக் கதையிலும் மூழ்குவதில்லை. அவன் கூறவந்தது யாதென்பது கரையில் நின்ற எவருக்கும் விளங்காமற் போயிருக்க முடியாது. விளங்கிய பின்னரும் துணைவினையைக் காரணங்காட்டிக் கையைக் கட்டி நிற்றலே இக்கதையின் சுவையாகக் கொள்ளப்பட்டது எனின், அவ்விதி அக்காலத்தில் ஆற்றிய பணி யாதென்பது விளக்கமின்றியே புலப்படும். 1856இல் அப்போது கனடாவின் ஆள்பதியாக இருந்த சேர் எட்மண்ட் ஹெட் இவ்விரு சொற்களைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதினார். 1906இல் பௌலர் சகோதரர் வெளியிட்ட நூல் இவ்விதியின் கிளைகளையும் விலக்குகளையும் பல பக்கங்களில் விரித்துரைத்தது. தென்னிங்கிலாந்தாருக்கு இது இயல்பாகவே வாய்ப்பது என்றும், அவ்வாறு பிறவாதார் இதனைக் கற்றுத் தேறுதல் அரிது என்றும் அந்நூல் ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. கற்றுத் தேற முடியாதது எனத் தாமே கருதிய ஒன்றனைக் கற்போருக்கு விதியாக்கிய முரண்பாடு அதில் வெளிப்படுகின்றது.

இலக்கணகாரரின் தீர்ப்பும் மொழியின் போக்கும் வேறுபட்ட இடம் இஃதொன்று மாத்திரமன்று. ஒரு வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலம் 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' எனக் கூறியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ற்' என்னும் புதிய தொடர் தோன்றியது. அடுத்த நூற்றாண்டின் இலக்கணகாரர் பலர் இதனை அருவருக்கத்தக்க புதுமை எனச் சாடினர். அமெரிக்கரான றிச்சட் கிறான்ற் வைற் 1870இல் வெளியிட்ட நூலில் இதனைக் கண்டிக்க ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இன்று அத்தொடரே பாடநூல் அட்டவணையில் இடம்பெறுகின்றது. அவர் போற்றிய பழைய தொடரை எழுதும் மாணவனே புள்ளியை இழக்கின்றான்.

20ஆம் நூற்றாண்டில் மொழியாராய்ச்சி வழக்கைத் தொகுத்து நோக்கும் நெறியிற் சென்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஒட்டோ யெஸ்பேர்சன் ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்றொரு வினைக்காலம் இல்லை எனக் கொண்டார். அமெரிக்கரான சாள்ஸ் பிறீஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், 16ஆம் நூற்றாண்டு முதலாக எழுந்த ஆங்கில நாடகங்களில் இவ்விரு சொற்களும் பயின்றுள்ள இடங்களைத் தொகுத்து எண்ணினார். மேடைப் பேச்சு மக்கள் பேச்சுக்கு நெருங்கியது என்பதனாலேயே நாடகங்கள் தேர்ந்துகொள்ளப்பட்டன. தன்மையிடத்திலும் 'வில்' என்பதே மிகுதியாக ஆளப்பட்டமையை அவ்வெண்ணிக்கை காட்டிற்று. இலக்கணகாரரின் விதி மக்கள் வழக்கினின்றும் வடித்தெடுக்கப்பட்டதன்று என்பது அவர் கண்ட முடிவாகும். பிற்காலத்தோர் சிலர் அம்முடிவின் சில பகுதிகளை ஐயுற்றனராயினும், விதி பழைய ஆட்சியை மீளப்பெறவில்லை. 1972இலும் 1985இலும் றண்டொல்ப் குவேக்கும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட பேரிலக்கணங்களும், 2002இல் ஹடில்ஸ்ரனும் புல்லமும் வெளியிட்ட பேரிலக்கணமும் ஆங்கில வினை தன் வடிவத்தாற் காட்டும் காலங்கள் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஆகிய இரண்டே எனக் கூறுகின்றன. வொலிஸ் 1653இற் கூறிய இடத்துக்கே ஆராய்ச்சி மீண்டுவந்தது எனலாம். எல்ப்ரிக்கின் காலத்து வழக்கும் அழிந்துவிடவில்லை. நாளை ஆறு மணிக்குப் புறப்படும் புகைவண்டியைப் பற்றிக் கூறும் ஆங்கிலேயர் இன்றும் நிகழ்கால வினையையே ஆளுகின்றனர். 'நாளை மழை பெய்தால்' என்னும் பொருள்பட வரும் நிபந்தனைத் தொடரிலும் அவ்வடிவமே வருகின்றது.

தமிழிலக்கணம் பயின்றோருக்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியம் வினையியலிற் காலம் மூன்றெனக் கூறுகின்றது. எனினும் பழந்தமிழ் வினைகளை ஆராய்ந்த மொழியியலார், அவை வடிவத்தால் இறந்தகாலம், இறந்தகாலமல்லாதது என்னும் இருமைப் பாகுபாட்டையே பெரிதும் உடையன எனக் காட்டியுள்ளனர். 'கின்று' முதலிய நிகழ்கால இடைநிலைகள் சங்கத் தொகைகளில் அருகியும் பிற்கால இலக்கியங்களிற் பெருகியும் வருகின்றன. 'செய்யும்' என்னும் முற்று நிகழ்வையும் எதிர்வையும் ஒருங்கே உணர்த்த வல்லது. ஆகவே உலகியலிற் காலம் மூன்று என்பதும், ஒரு மொழியின் வினைவடிவம் இத்தனை காலங்களைக் காட்டும் என்பதும் வெவ்வேறு செய்திகள். ஆங்கிலத்தில் எதிர்கால வினை இல்லை எனின் ஆங்கிலேயருக்கு நாளை என்னும் எண்ணமே இல்லை எனப் பொருள்படாது.

இவ்வரலாற்றைக் கொண்டு காலந்தெரிதலில் விதியே வேண்டாம் எனத் துணிதல் தவறாகும். எந்த இலக்கணகாரரும் கட்டளையிடாமலே ஆங்கிலேயர் யாவரும் கைக்கொள்ளும் நியதிகளும் உள்ளன. சான்றாகத் தமிழில் 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்பது வழுவற்ற தொடர். வந்தமையைப் பின்னர் அறிந்தோம் என்னும் குறிப்பும் அதில் அமைந்து கிடக்கின்றது. இதனை அவ்வாறே பெயர்த்து 'ஹீ ஹாஸ் கம் யெஸ்ரடே' என எழுதினால் இன்றைய ஆங்கில வழக்கு அதனை ஏற்பதில்லை. ஹான்ஸ் றைகன்பாக் என்னும் மெய்யியலறிஞர் 1947இல் வெளியிட்ட தருக்கநூலிற் கூறிய விளக்கம் இதற்குப் பொருந்துகின்றது. கூறும் காலம், நிகழ்ந்த காலம், எக்காலத்தில் நின்று நோக்குகின்றோமோ அக்காலம் என மூன்று புள்ளிகளை அவர் வகுத்தார். எளிய இறந்தகாலத்தில் நோக்குங்காலம் நிகழ்ந்த காலத்தோடு ஒன்றிநிற்கும். 'ஹாஸ்' சேர்ந்த வடிவத்திலோ அது கூறும் காலத்தோடு ஒன்றிநிற்கும். 'நேற்று' என்பது நோக்குங்காலத்தைப் பின்னுக்கு இழுப்பதால் அவ்வடிவத்தோடு முரண்படுகின்றது. இவ்வாறு காரணங் காட்டத்தக்க நியதியும் 'ஷல்', 'வில்' விதியும் ஒரே வகையின அல்ல. முன்னையது மொழியின் அமைப்பிலிருந்து எழுவது. பின்னையது ஒரு பகுதியாரின் வழக்கை எல்லார்க்கும் அளவுகோலாக்கியது.

இவ்வேறுபாடு இலங்கையின் பல்கலைக்கழக மாணவருக்கு ஏட்டுச் செய்தி மாத்திரமன்று. சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்னும் பெயர் வழங்கியமையை ஆங்கில அறிஞர் திரு கந்தையா 1984இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். கிராமப்புறப் பாடசாலையிலிருந்து வரும் தமிழ் மாணவரும் அவ்வாளின் கூர்மையை அறியாதவரல்லர். ஒரு துணைவினை பிழைத்தமைக்காக வாய்மூடி அமர்ந்தவரும், கருத்தரங்குகளில் வினாவொன்று மனத்திலிருந்தும் எழுந்து கேளாதவரும் பலர். ஹியூம் பட்ட கூச்சமும் ஆற்றில் மூழ்கியவனைப் பற்றிய நகைப்பும் காலத்தாலும் இடத்தாலும் தொலைவில் உள்ளனவாயினும், இவற்றோடு உறவுடையனவே. ஆகவே ஆங்கிலங் கற்பிப்போர் பொருளை மாற்றும் பிழையையும் கேட்போரின் புருவத்தை மாத்திரம் உயர்த்தும் பிழையையும் பிரித்துணர்ந்து, முன்னையதைக் காரணத்தோடு திருத்துதலும், பின்னையதை அதன் வரலாற்றோடு எடுத்துரைத்தலும் வேண்டும். விதி எங்கிருந்து வந்தது என அறிந்த மாணவன் அதனைக் கைக்கொள்ளும்போதும் அஞ்சிக் கைக்கொள்ளான். கைவிடும்போதும் அறியாது கைவிடான்.